உப்பு வண்டிகளின் சேம அச்சு

உப்புக்கு யாரும் வரி போடாத காலம் அது. கடலுக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை, காட்டுக்கு யாரும் வேலி கட்டவில்லை. அந்தக் காலத்தில், கடற்கரை ஓரமாக வெள்ளளம் என்று ஓர் ஊர் இருந்தது.

ராஜா கதை என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் ராஜா கிடையாது. ராஜா இல்லாத ஊரில் அடுத்தது யார் என்பதுதான் கதையே.

ராஜா இருக்கிற ஊரில் அந்தக் கவலை இல்லை. ராஜா செத்தால் பிள்ளை வந்து உட்காருவான். பிள்ளை அறிவாளியா அசடா என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் கேட்டவன் தலை இருப்பதில்லை. வெள்ளளத்தார் அப்படிப்பட்டவர்கள் அல்லர். தங்களுக்கு யார் தலைவர் என்பதை, ஊர் கூடி, கை தூக்கி, தாங்களே முடிவு செய்தார்கள். "தொட்டிலைப் பார்த்துத் தலைவன் இல்லை, தூக்கின கையைப் பார்த்துத் தலைவன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பெருமைக்கு என்ன, காசா பணமா!

அந்த ஊரில் விளைவது உப்பு ஒன்றுதான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, சரி. ஆனால் உப்பை மட்டும் தின்று யாரால் உயிர் வாழ முடியும்? அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, கோடை முற்றியதும், உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மலைக்கு அப்பால் நெல் விளையும் ஊருக்குப் போவார்கள். உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கி வருவார்கள். அந்த நெல்தான் ஊருக்கு அடுத்த கோடை வரைக்கும் சோறு.

வழி லேசானது இல்லை. முதலில் சேறு நிறைந்த உப்பங்கழி. அப்புறம் சொட்டுத் தண்ணீர் இல்லாத பொட்டல். கடைசியில் மலைக் கணவாய். மழை வருவதற்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். மழை முந்திக்கொண்டால் உப்பு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி விஷயத்தில் வெள்ளளத்தாரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் இன்னொரு அச்சைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குச் சேம அச்சு என்று பேர். ஓடுகிற அச்சு பள்ளத்திலோ மேட்டிலோ ஒடிந்துவிட்டால், இதை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டி கிளம்பும். மாட்டியதும் கிளம்பிவிட முடியாது, அங்கேதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். அச்சு மாற்றிய வண்டி, புதுச் சேம அச்சு ஒன்றைச் செதுக்கி அடியில் கட்டாமல் ஓர் அடிகூட நகரக்கூடாது. வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் சரி, நகரக்கூடாது. அது அவர்களுடைய சட்டம்.

வண்டிகளுக்கு இவ்வளவு யோசித்தவர்கள், மனிதர்களுக்கு யோசித்தார்களா என்றால், அரைகுறையாகத்தான் யோசித்தார்கள்.

நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது, கிளம்பு, நில், திரும்பு என்று சொல்ல ஒரே ஓர் ஊதுகொம்பு இருந்தது. எருமைக் கொம்பில் செய்தது. தலைவரிடம் இருக்கும். ஒரே கொம்புதான். இரண்டு கொம்பு இருந்தால் முன்வண்டி நிற்கும், பின்வண்டி வந்து இடிக்கும், உப்பு மண்ணில் கொட்டும். "உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று வெள்ளளத்தில் யாரும் யாரையும் கேட்க முடியாது. முளைத்தவர் ஒருவர்தான், அவரை முளைக்க வைத்ததும் ஊர்தான்.

தலைவரோடு இன்னொருவரையும் தேர்ந்தெடுப்பார்கள். அவர் இரண்டாமவர். தலைவரால் ஊத முடியாமல் போனால் இரண்டாமவர் ஊதுவார். அதுவரை அவருக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. கூட்டத்தில் கைகள் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவர் வாய் திறக்கலாம். தலைவரின் வண்டியில் அவர் ஏறக்கூடாது, தலைவரின் பானையில் சாப்பிடக்கூடாது. ஒரே பள்ளமும் ஒரே விஷமும் இரண்டு பேரையும் கொண்டுபோய்விடக் கூடாதே! அதனால் தலைவர் முதல் வண்டியில் போவார், இரண்டாமவர் கடைசி வண்டியில் புழுதியைத் தின்றுகொண்டு வருவார்.

அதற்கு மேல் முன்னோர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நாமும் அப்படித்தானே!

நம் கதைக்கு முந்தின ஆண்டு அந்த நேரம் வந்தேவிட்டது. இரண்டாமவர் கழியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவர் இடத்தில் யாரையும் வைக்கவில்லை. தலைவர்தான் கல்லுக்குண்டு போல இருக்கிறாரே, எதற்கு என்று விட்டுவிட்டார்கள். கல்லுக்குண்டு கணவாயில் வழுக்கி விழுந்து மூச்சை விட்டது. கொம்பு தரையில் கிடந்தது. நான்தான் எடுப்பேன் என்று மூன்று பேர் பாய்ந்தார்கள். மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்க, ஊர் மூன்று பக்கமாகப் பிரிந்து கத்த, யார் தலைவர் என்று முடிவாவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உப்பெல்லாம் ஓடையாக ஓடியது. அந்த ஆண்டு வெள்ளளத்தில் குழந்தைகள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். வயதானவர்கள் அதையும் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்தார்கள், சிலர் எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் மழையைத் திட்டினார்கள். தங்களைத் திட்டிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஆண்டு வந்தது. ஊர் கூடியது. தலைவர் இடத்துக்குக் கொற்றனும் பிட்டனும் நின்றார்கள். கொற்றன் நிதானம் உள்ள மனிதர். பிட்டன் குரல் உள்ள மனிதர். ஒரு பிடிக் கைகள் அதிகமாகி, கொற்றன் ஜெயித்தார்.

இரண்டாமவர் இடத்துக்கு வந்தபோது பாதிப் பேர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலுக்கு நேரமாகிவிட்டதல்லவா! கடைசித் தெருக்காரர்களுக்கு எந்த மரியாதையும் கிடைக்கவில்லை என்று ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதை அடக்க, அந்தத் தெருவின் வெண்ணியை இரண்டாமவராகப் போட்டார்கள். வெண்ணி உப்புப் பாத்தியில் வேலை செய்பவள், சொந்த வண்டி ஓட்டுபவள். போன ஆண்டு கஞ்சியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்து எழுந்திருக்காதவர்களில் அவள் தகப்பனும் ஒருவர். இந்த ஆண்டு உப்பு நனையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

தோற்ற எரிச்சல் பிட்டனுக்கு. "கொம்பும் இல்ல, குரலும் இல்ல. வண்டிக்கு அடியில தொங்குற சேம அச்சு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஊர் சிரித்தது. அன்று முதல் அவளுக்கு அதுவே பேராகிவிட்டது.

வெண்ணி கோபப்படவில்லை. "தொங்குறது தொங்கட்டும் அண்ணே. ஒடியிறப்போ தேடுவீங்க" என்றாள்.

வண்டிகள் கிளம்பின.

கழியில் கொற்றனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. பல் தந்தியடித்தது, உதடு கொம்பில் பொருந்தவில்லை. அவர் வெண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார். எல்லோரும் பார்க்கத் தன் கையாலேயே கொம்பைக் கொடுத்தார்.

"குளிர் விடுற வரைக்கும் நீ ஊது தங்கச்சி. விட்டதும் கேப்பேன்."

"கேளுங்க அண்ணே" என்றாள் வெண்ணி.

முதல் முறையாகக் கொம்பு அவள் கைக்கு வந்தது. எந்த இடத்தில் சேறு ஆழம், எந்த இடத்தில் மணல் கெட்டி என்று உப்புப் பாத்தியில் நின்று பழகிய காலுக்குத் தெரியும். மாடுகள் கலங்காமல் நடந்தன. பாதி வழியில் பிட்டனின் வண்டி அச்சு படாரென்று ஒடிந்தது. சேம அச்சை மாட்டியாயிற்று. கெட்டித் தரை கண்ணுக்குத் தெரிந்தது.

"ஊது தாயி, போகலாம்" என்றார் பிட்டன்.

"சேம அச்சு எங்க அண்ணே?"

"அதோ தெரியுது பார் கரை! அங்க போய்ச் செதுக்கிக்கிறேன்."

வெண்ணி ஊதவில்லை. கொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சேற்றில் நின்று பார்க்க, பிட்டன் முணுமுணுத்துக்கொண்டே கழியோரம் நின்ற ஒரு கண்டல் மரத்தை வெட்டிச் செதுக்கி, வண்டிக்கு அடியில் கட்டினார். அப்புறம்தான் கொம்பு ஊதியது.

கழியைத் தாண்டியதும் கொற்றனுக்குக் குளிர் விட்டது. அவர் கை நீட்டினார். கேளுங்கள், கொம்பு ஊதுவது சும்மா இல்லை. ஓர் ஊதலுக்கு அத்தனை மாடுகளும் எழுந்து நடப்பதைப் பார்த்தவருக்கு, அது கள்ளைவிட இனிக்கும். வெண்ணிக்கும் இனித்தது. ஆனாலும் கேட்டதும் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கடைசி வண்டிக்குப் போய்ப் புழுதியில் உட்கார்ந்தாள். பிட்டன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொட்டல் வந்தது. கொளுத்தும் வெயில். காய்ச்சலில் இளைத்திருந்த கொற்றனின் தலையை அந்த வெயில் பிடித்துக்கொண்டது. திடீரென்று அவர் கொம்பை ஊதினார். இடப்பக்கம் திரும்பு என்று அர்த்தம். இடப்பக்கம் பாதையே இல்லை. தூரத்தில் கானல் மட்டும் பளபளத்தது.

"ஏரி! அதோ ஏரி!" என்றார் கொற்றன்.

அந்தப் பக்கம் போனால் மாடும் மிஞ்சாது, மனிதரும் மிஞ்சார். ஆனால் கொம்பு ஊதினால் திரும்ப வேண்டும் என்பது பழக்கம். முன்வண்டிகள் திரும்பவும் தொடங்கிவிட்டன. வெண்ணி கடைசி வண்டியிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு உடம்பு சரியில்ல. கொஞ்ச நேரம் கொம்பைக் கொடுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல! நல்லாத்தான் இருக்கேன். தள்ளு!"

"பிடுங்கு வெண்ணி, பிடுங்கு!" என்று பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் கத்தினார்.

பிடுங்குவது எளிது. கொற்றனின் கையில் வலு இல்லை. ஆனால் வெண்ணி தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் பிடுங்கினா நான் தலைவி இல்ல, திருடி. நாளைக்கு யார் வேணாலும் யார்கிட்ட வேணாலும் பிடுங்குவாங்க" என்று சொல்லிவிட்டு, எல்லா வண்டிக்காரர்களையும் கூப்பிட்டாள். "தலைவருக்கு நெதானம் தப்பிடுச்சு. அவரால இப்ப ஊத முடியாதுன்னு நான் சொல்றேன்."

பிட்டன் முன்னால் வந்தார். "தலைவர் சரியில்லன்னு ரெண்டாமவ சொன்னா யாருக்கு லாபம்? ரெண்டாமவளுக்குத்தானே!"

எரிச்சலில் சொன்னாலும் நியாயமான கேள்வி அது. வெண்ணி தலையாட்டினாள்.

"சரிதான் அண்ணே. அதனாலதான் நான் ஒருத்தி சொன்னா செல்லாது. நான் சொல்லாம நீங்க மட்டும் சொன்னாலும் செல்லாது. ரெண்டும் சேரணும். அவரையே கேட்டுப் பாருங்க."

பிட்டன் கொற்றனின் அருகில் போய், குழந்தையிடம் கேட்பது போல மெல்லக் கேட்டார். "கொற்றா, ஏரிக்கரையில யாராச்சும் இருக்காங்களா?"

கொற்றனின் முகம் மலர்ந்தது. "அம்மா நிக்கிறா பாரு. என்னைச் சாப்பிடக் கூப்பிடுறா."

அவருடைய அம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே நின்ற ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு கை உயர்ந்தது, இன்னொரு கை உயர்ந்தது, எல்லாக் கைகளும் உயர்ந்தன. பிட்டனின் கையும் உயர்ந்தது. அவரே கொற்றனின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கொம்பை எடுத்து, வெண்ணியிடம் கொடுத்தார்.

இரண்டாம் முறையாகக் கொம்பு அவள் கைக்கு வந்தது. வண்டிகள் பாதைக்குத் திரும்பின. கொற்றனை நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் போர்த்தி, நல்ல தண்ணீரில் பாதியை அவருக்கே கொடுத்தார்கள். தூங்கி எழுந்ததும் அவர் கண் தெளிந்தது.

"எனக்குச் சரியாப் போச்சு. கொம்பைக் கொடு தங்கச்சி."

"கொடுக்காதே! மறுபடியும் ஏரி தெரிஞ்சா?" என்றார்கள் சிலர்.

வெண்ணி அவர் கண்ணைப் பார்த்தாள். "அண்ணே, அம்மா எங்க இருக்காங்க?"

"அவ போய்ச் சேர்ந்து எத்தனை காலமாச்சு! எதுக்கு இப்ப அதக் கேக்குற?" என்றார் கொற்றன்.

வெண்ணி கொம்பைக் கொடுத்துவிட்டாள். முதல் முறை கேட்டதும் கொடுத்தவள் என்பதால்தான் இரண்டாம் முறை ஊர் அவளை நம்பிக் கை தூக்கியது. இரண்டாம் முறையும் கொடுத்தாள் பாருங்கள், அப்போதுதான் பிட்டனுக்கே அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, மனிதர் அப்படி.

மலையடிவாரம் வந்தது. காலையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப்போன கொற்றன், ஓடைக்கரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலும் வெயிலும் அவரைத் தின்று முடித்திருந்தன. தொட்டுப் பார்த்த பிட்டன், "போயிட்டான்" என்றார். பிட்டன் போட்டியிட்டுத் தோற்றது கொற்றனிடம்தான், ஆனால் முதலில் அழுததும் பிட்டன்தான். ஒரு மருத மரத்தடியில் குழி தோண்டி, ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு பிடி உப்புப் போட்டு, கொற்றனை அடக்கம் செய்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தால், கணவாய்க்கு மேலே மேகம் கறுத்திருந்தது. போன ஆண்டு பார்த்த அதே மேகம். கொம்பு மருத மரத்தின் வேரில் கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

இந்த முறை யாரும் பாயவில்லை. அடுத்தது யார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. வெண்ணி குனிந்து எடுத்தாள்.

மூன்றாம் முறையாகக் கொம்பு அவள் கைக்கு வந்தது. இந்த முறை திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

பிட்டன் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு பேசிடணும். கொம்பு உன்கிட்ட இருக்கட்டும், சரி. ஆனா நீ தலைவி இல்ல. தலைவருக்குப் பதில். அவ்வளவுதான்."

சிலர் ஆமாம் என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். பாருங்கள், மேகம் நிற்கும்போது பேச வேண்டிய பேச்சா? ஆனால் பேசாமல் விட்டால் பாதிக் கணவாயில் ஒரு பாதி நிற்கும், ஒரு பாதி நகரும். வெண்ணி பிட்டனின் வண்டியைக் கையால் காட்டினாள்.

"அண்ணே, கழியில உங்க அச்சு ஒடிஞ்சுது. அடியில தொங்குனதை எடுத்து மாட்டினீங்க. இப்ப உங்க வண்டியில ஓடுறது அச்சா, அச்சுக்குப் பதிலா?"

பிட்டன் தன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் பிட்டனே சிரித்துவிட்டார். "அச்சுதான் தாயி. சக்கரம் சுத்துதுன்னா அதுதான் அச்சு. நீதான் தலைவி" என்றார்.

வெண்ணி முதல் வண்டியில் ஏறினாள். கொம்பை உதட்டில் வைத்தாள். ஊதவில்லை, ஏனென்றால் அவள் மாடுகளுக்கு முன்னால் பிட்டன் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"சேம அச்சு எங்க?" என்றார்.

"கட்டித்தான் இருக்கு. குனிஞ்சு பாருங்க."

"வண்டிக்கு இல்ல தாயி. உனக்கு."

வெண்ணிக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. "இன்னும் ஒரே ஒரு கணவாய் அண்ணே! மழை தலைக்கு மேல நிக்குது. அந்தப் பக்கம் இறங்கிப் பார்த்துக்கலாம், விலகுங்க!"

அவசரம் உண்மைதான். ஆனால் அவள் மனசுக்குள் வேறொன்றும் இருந்தது. இரண்டாமவர் இடத்துக்கு இவர் ஆசைப்படுகிறார் என்று நினைத்தாள். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. திருப்பிக் கேட்க ஆள் இல்லாத கொம்பு இப்போதுதான் முதல் முறையாக அவளிடம் வந்திருக்கிறது, பக்கத்தில் இன்னொருவர் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்லவளுக்கும் அப்படித் தோன்றும். தோன்றாது என்று சொல்பவர் கையில் கொம்பைக் கொடுக்காதீர்கள்.

பிட்டன் விலகவில்லை. "கழியில கரை தெரிஞ்சப்போ, நகரக்கூடாதுன்னு என்னை நிறுத்தினது யாரு? போன வருசம் இதே கணவாயில கொம்பைப் பிடிச்சு இழுத்த மூணு பேர்ல நானும் ஒருத்தன் தாயி. ரெண்டாமவர் இருந்திருந்தா நான் இழுத்திருக்க மாட்டேன். உங்கப்பா இருந்திருப்பார். என்னைச் சொல்லாதே, உனக்குப் பிடிச்ச ஆளைச் சொல்லு. ஆள் இல்லாம மட்டும் ஏறாதே. ஏறணும்னா என் மேல ஏத்திட்டுப் போ."

வெண்ணி கொம்பை இறக்கினாள். வண்டியிலிருந்தும் இறங்கினாள். முகம் சிவந்திருந்தது, வெட்கத்தால்.

"பெரியவங்களே, தாய்மார்களே, நான் இருந்த ரெண்டாமவர் இடத்துல இப்ப ஆள் இல்ல. அந்த இடத்துக்கு நான் ஒருத்தரைச் சொல்லலாம், உட்கார வைக்க என்னால ஆகாது. அது உங்க கையில இருக்கு. நான் பிட்டன் அண்ணனைச் சொல்றேன்."

கூட்டம் சலசலத்தது. எல்லாரையும்விடப் பிட்டன்தான் திடுக்கிட்டார். "நான் உன்னைக் கேலி பண்ணவன்!"

"ஆமா. சக்கரத்துக்கு முன்னால நின்னவரும் நீங்கதான்" என்றாள் வெண்ணி.

கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் இல்லை. பிட்டனைக் கண்டாலே ஆகாதவர்கள் சிலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் பாதிக்கு மேல் உயர்ந்தன, அது போதும். மாடுகள் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிட்டன் தன் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். புழுதி தின்னத்தான்!

கொம்பு ஊதியது. வண்டிகள் ஏறின.

கணவாயின் உச்சி நெருங்கும்போது இடி இடித்தது. வெண்ணியின் இடது மாடு மிரண்டு துள்ளியது, வண்டி குலுங்கியது, அவள் முன்னால் சரிந்தாள், நுகத்தடி அவள் நெஞ்சில் அடித்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூச்சு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. கொம்பை ஊதப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. பாதை குறுகல், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் நூறு வண்டிகள் கொம்பை எதிர்பார்த்துச் சரிவில் நின்றன. நகர்வதா, நிற்பதா? முதல் மழைத்துளி உப்பை மூடியிருந்த ஓலைப்பாயின்மேல் விழுந்தது.

வெண்ணியால் பேச முடியவில்லை. கொம்பைப் பின்வண்டிக்காரரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கினார். வாங்கி, தனக்குப் பின்னால் இருந்தவரிடம் நீட்டினார். அவர் வாங்கி அடுத்தவரிடம் நீட்டினார்.

இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போன ஆண்டு இதே கொம்புக்கு இதே இடத்தில் மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். இந்த ஆண்டு அதே கொம்பு கை மாறி, கை மாறி, சரிவில் இறங்கிப் போகிறது. பிட்டனைப் பிடிக்காதவர்களும், கை தூக்காதவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். ஒரே ஒருவர் அதை உதட்டில் வைத்திருந்தால் போதும். ஒருவரும் வைக்கவில்லை. யாரிடம் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எல்லோரும் சேர்ந்துதான் அதை முடிவு செய்திருந்தார்கள்.

கடைசி வண்டியில் பிட்டன் கொம்பை வாங்கினார். வரிசை முழுவதும் அவர் கண்ணுக்கு முன்னால் சரிவில் தெரிந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மலை அதிரும்படி ஊதினார். குரல் உள்ள மனிதர் என்று முன்பே சொன்னேன் அல்லவா! மாடுகள் நடந்தன. ஒரு வண்டி உச்சியைத் தாண்டியது, பத்து வண்டி தாண்டியது, கடைசி வண்டியும் தாண்டியது. அவர்கள் அந்தப் பக்கம் இறங்கும்போது இந்தப் பக்கம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உப்பு நனையவில்லை.

அடிவாரத்தில் வெண்ணிக்கு மூச்சு திரும்பியது. அவள் கேட்பதற்கு முன்பே பிட்டன் நடந்து வந்து கொம்பை நீட்டினார்.

"வாங்கிக்க தாயி. பார்க்கத்தான் சின்னதா இருக்கு. என்னா கனம்!"

அந்த ஆண்டு வெள்ளளத்தில் எல்லாப் பானைகளிலும் சோறு கொதித்தது. வெண்ணி முதல் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்து, தன் தகப்பனுக்கென்று வாசலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் சாப்பிட்டாள்.

அடுத்த ஆண்டு ஊர் கூடியபோது, இரண்டாமவரைத் தேர்ந்தெடுக்கிற வரைக்கும் ஒருவரும் எழுந்து மண்ணைத் தட்டவில்லை. சமையல் காத்திருந்தது. தலைவரைப் பற்றி என்னென்ன கேட்டார்களோ அத்தனையையும் இரண்டாமவரைப் பற்றியும் கேட்டார்கள். எந்த இடம் காலியானாலும், அதை நிரப்பாமல் சக்கரம் உருளக்கூடாது என்பதும் அன்று முதல் சட்டமாயிற்று. அந்த ஊரில் ஒருவரைச் சேம அச்சு என்று சொன்னால் இப்போது அது கேலி இல்லை. பெண் கொடுக்கப் போகிறவர்கள்கூடப் பையனைப் பற்றி அப்படித்தான் விசாரிப்பார்களாம்.

உங்கள் வண்டிக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரின் தலைமை ஓர் ஆளோடு விழுந்துவிடக் கூடாது என்றால், அடுத்தவர் யார் என்பதை நல்ல நாளிலேயே எல்லோரும் கூடி முடிவு செய்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவரை அந்த இடத்தில் வைத்து, அந்த இடத்தை ஒருநாளும் காலியாக விடாமல் காக்க வேண்டும்.